கடிகாரம் கைமாறும் நேரம்

நிலத்தை விற்கிறவனுக்குப் பத்திரப் பதிவு அலுவலகம் இருக்கிறது; வண்டியை விற்கிறவனுக்குப் போக்குவரத்து அலுவலகத்தின் பதிவுச் சான்று இருக்கிறது; நகையை விற்கிறவனுக்கு உரைகல்லும் தராசும் அன்றாட விலை நிலவரமும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஆனால் மிகச் சிறிய இடத்தில் மிகப் பெரிய விலையை அடக்கிக்கொண்டு, சட்டைக் கையின் நுனிக்குள் மறைந்துவிடக்கூடிய ஸ்விட்சர்லாந்துக் கைக்கடிகாரம் ஒன்றை விற்க நினைக்கிற குடும்பஸ்தனுக்கோ, பதிவு செய்ய அலுவலகமும் இல்லை, உரைத்துப் பார்க்கக் கல்லும் இல்லை, இன்றைய விலை இன்னதென்று காலையில் அச்சிட்டுச் சொல்லும் பத்திரிகையும் இல்லை. ஐந்து லட்சமும் பத்து லட்சமும் பெறுகிற ஜங்கம சொத்து ஒன்று, ஒருவர் மணிக்கட்டிலிருந்து இன்னொருவர் மணிக்கட்டுக்கு, ஒரு சாட்சியத்தையும் விட்டுவைக்காமல் அரை நிமிஷத்தில் போய்விடுகிறது.

நம் குடும்பங்களில் இத்தகைய கடிகாரங்கள் பெரும்பாலும் சொந்தமாகக் கடையேறி வாங்கப்பட்டவையல்ல. சிங்கப்பூரிலோ துபாயிலோ நெடுங்காலம் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய தகப்பனார் தமக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே ஆடம்பரமாக வந்திருக்கும். அல்லது மாமனார் மாப்பிள்ளைக்குச் செய்த சீராக வந்திருக்கும். பிற்பாடு, பிள்ளையின் கல்லூரிக் கட்டணமோ, ஆஸ்பத்திரிச் செலவோ, பெட்டிக்குள் உறங்குகிற பொருளால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்ற விவேகமோ, அதை விற்றுவிடலாம் என்ற எண்ணத்தை உண்டாக்குகிறது. எண்ணம் உண்டான கணமே கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது வெட்கம். வீட்டுப் பொருளை விற்பது குடும்பம் நொடித்துப்போனதற்கு அடையாளம் என்ற பழைய அபிப்பிராயம் இன்னும் நம்மை விட்டபாடில்லை. ஆகவே, அண்ணன் தம்பிகளிடம் மூச்சு விடாமல், தெரிந்த கடைக்காரரிடம் கேட்டால் அவர் வாயிலாக ஊருக்கே தெரிந்துவிடுமே என்று அஞ்சி, முன்பின் அறியாத ஒருவரைத் தேடிப் பிடித்து, விளக்கு வைத்த நேரத்தில், தன்னந்தனியாக, நம்மை யாரும் அறியாத பேட்டையில் போய் அதைத் தொலைத்துவிட்டு வருவதே மரியாதை என்று நினைத்துவிடுகிறோம்.

தனியாருக்கு விற்பதில் தவறு ஒன்றும் இல்லை. இரகசியமாக விற்பதில்தான் அபாயம் குடியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். சாட்சி இல்லாத இடத்தை வஞ்சகன் சிரமப்பட்டுத் தேட வேண்டியதில்லை. நாமே தேடிக் கொடுத்துவிடுகிறோம். ஏமாந்த பிறகும், போலீஸ் ஸ்டேஷன் படியேறினால் விற்க நேர்ந்த காரணத்தையும் சொல்ல வேண்டிவருமே என்று வாயை மூடிக்கொள்ளக்கூடிய ஆசாமியைத்தான் அவன் ஆதியிலேயே பொறுக்கி எடுத்திருக்கிறான். அவனுடைய சாமர்த்தியத்தைவிட நம்முடைய கூச்சமே அவனுக்குப் பெரிய மூலதனம்.

லண்டன் நகரத்து நகை வியாபாரி ஒருவருக்கு 1918-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் நேர்ந்த கதி, சட்டம் படிக்கிற மாணவர்கள் அறிந்த பழைய கதை. பொருளை விற்கிறவர்களும் அறிந்துகொள்வது நல்லது. கடைக்கு வந்த கனவான் ஒருவர் 2,550 பவுண்டு விலையுள்ள முத்துக்களையும் 450 பவுண்டு விலையுள்ள ஒரு மோதிரத்தையும் பொறுக்கி எடுத்து, 3,000 பவுண்டுக்குச் செக் எழுதிக்கொண்டே, நகரத்தில் பேர்பெற்ற ஒரு செல்வரின் பெயரைச் சொல்லித் தாமே அவர் என்றார், விலாசத்தையும் சொன்னார். வியாபாரி அசட்டையாக இருந்துவிடவில்லை. விலாசப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். அந்தப் பெயருடையவர் அந்த இடத்தில் வசிப்பது வாஸ்தவமாகவே இருந்தது. சாமான்களை இப்போதே எடுத்துப் போகிறீர்களா என்று கேட்டதற்கு, செக் பணமாகட்டும், அதுவரை இங்கேயே இருக்கட்டும் என்று பெருந்தன்மையோடு பதில் சொன்ன அம்மனிதர், மறுநாள் தம் மனைவியின் பிறந்த நாள் என்பதால் மோதிரத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் புறப்பட்டார். செக் திரும்பி வந்தது. மோதிரம் 350 பவுண்டுக்கு ஓர் அடகுக்கடையில் போய்ச் சேர்ந்திருந்தது. அடகுக்கடைக்காரர் விவரம் அறியாமல் நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்தவர், ஆதலால் வியாபாரி அதை அவரிடமிருந்து மீட்க முடியாது என்று 1919-இல் தீர்ப்பாயிற்று.

வியாபாரி சோதித்துத் தெரிந்துகொண்டது அந்தப் பெயரில் ஒருவர் இருக்கிறார் என்பதை. எதிரே நிற்பவர்தாம் அவர் என்பதை அவர் சோதிக்கவே இல்லை. ஆதார் அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொண்டு மனம் சமாதானமடைகிற நம் காலத்து மனிதரும் செய்வது அதே காரியந்தான். வந்தவருடைய பேச்சின் இனிமையையும், காரின் பளபளப்பையும், அவசரப்படாத நிதானத்தையும் நற்சாட்சிப் பத்திரங்களாக எடுத்துக்கொள்கிற வழக்கம் நமக்கு அதிகம். லண்டன் வியாபாரியை வீழ்த்தியது அந்த நிதானந்தான்.

நம் நாட்டின் 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டமும் ஏறக்குறைய இதே பாதையில்தான் செல்கிறது. உரிமை இல்லாதவன் விற்றால் வாங்கியவனுக்கும் உரிமை இல்லை என்பது அதன் 27-ஆவது பிரிவில் உள்ள பொது விதி. ஆகவே திருட்டுப் போன கடிகாரத்தைப் பின்னால் எத்தனை பேர் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் சாதாரணமாக அது உடையவனுடையதே. ஆனால் திருட்டு வேறு, வஞ்சனை வேறு. நாமே விற்கச் சம்மதித்து, நம் கையாலேயே பொருளைக் கொடுத்துவிட்டு, பெற்ற பணம் பொய்யென்று பிற்பாடு தெரிந்துகொள்கிறபோது, அந்த ஒப்பந்தத்தை நாம் ரத்துச் செய்வதற்கு முன்னாலேயே வஞ்சகன் அதை ஏதுமறியாத மூன்றாவது மனிதருக்கு விற்றுவிட்டானானால், அந்த மூன்றாவது மனிதருக்கு நல்ல உரிமை ஏற்பட்டுவிடும் என்கிறது 29-ஆவது பிரிவு. வழிப்பறி கொடுத்தவனுக்கு உள்ள பாத்தியதைகூட, சிரித்த முகத்தோடு எடுத்துக் கொடுத்தவனுக்கு இல்லாமற் போகலாம். ஜாக்கிரதை முழுவதும் பொருள் கைமாறுகிற அந்த ஒரு நேரத்தில்தான் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

விற்கிற வழிகளில் மிகவும் எளியது, நாணயமான கடை ஒன்றில் ஒரே பேச்சில் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்வது. எல்லாவற்றிலும் குறைந்த விலை கிடைப்பதும் அதில்தான். கடைக்காரர் அதைப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும், பொறுப்பேற்றுக்கொண்டு விற்க வேண்டும், மாதக்கணக்கில் கண்ணாடிப் பேழைக்குள் தம் முதலை முடக்கிவைக்க வேண்டும். அதற்கெல்லாம் ஈடாகத்தான் விலையைக் குறைத்துக் கேட்கிறார். இந்த வித்தியாசத்தைப் பகற்கொள்ளை என்று ஏசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது, வாங்குகிறவர் யார் என்று விசாரிக்கும் கவலையை நம் தலையிலிருந்து இறக்கி வைப்பதற்குக் கொடுக்கிற கூலியாகவே தோன்றுகிறது. இரண்டு மூன்று கடைகளில் காட்டி, ஒவ்வொருவர் தரும் விலையையும் எழுத்தில் வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தால், அவர்களிடம் விற்காவிட்டாலும், நம் பொருளின் யதார்த்த மதிப்பாவது நமக்குத் தெரியும். குறிப்பிட்ட தேதிக்குள் பணம் வேண்டியிருக்கிறவர் வேறு வழியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பேன். இதில் அவமானம் ஒன்றும் இல்லை; ரோலக்ஸ் போன்ற பெருமை பிடித்த ஸ்தாபனமே 2022 டிசம்பரிலிருந்து, பிறர் கட்டிக் கழித்த தன் கடிகாரங்களைச் சோதித்து, இரண்டு வருஷ உத்தரவாதத்தோடு தன் விற்பனையாளர் மூலமாக மறுபடி விற்க முன்வந்துவிட்டது.

“வைத்துவிட்டுப் போங்கள், நல்ல விலைக்கு விற்றுத் தருகிறோம்” என்கிற ஏற்பாடு இதைவிட லாபகரமாகக் காணும். ஆனால் அதில் கடிகாரமும் நம்மிடம் இல்லை, பணமும் நம்மிடம் இல்லை. இருப்பது ஒருவருடைய வாக்கு மட்டும். ஜப்பானில் ஒசாகா நகரத்து ஸ்தாபனம் ஒன்று, விலையுயர்ந்த கடிகாரங்களைச் சொந்தக்காரர்களிடமிருந்து பெற்றுப் பிறருக்கு வாடகைக்கு விட்டு, வாடகையில் பங்கு கொடுத்துவந்தது. 2024 ஜனவரி முடிவில் அது திடீரென்று கலைக்கப்பட்டபோது, நூற்றுக்கணக்கான கடிகாரங்கள் திரும்பி வரவில்லை. நடத்தியவர் துபாய்க்குப் போய்விட்டார். அது வாடகை, இது விற்பனை என்று வித்தியாசம் சொல்லலாம். பொருளை ஒப்படைத்துவிட்டு வீட்டில் காத்திருக்கிற நிலைமை இரண்டிலும் ஒன்றே. ஒப்படைத்தேதான் ஆக வேண்டுமென்றால், கடிகாரத்தின் எண், குறைந்தபட்ச விலை, தரகு விகிதம், திருப்பித் தர வேண்டிய தேதி, களவு போனாலோ தீப்பட்டாலோ ஈடு செய்கிற பொறுப்பு ஆகிய அனைத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்காமல் கடை வாசலைத் தாண்டக் கூடாது.

ஏலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த டேடோனா கடிகாரம் 2017-இல் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று என்ற செய்தியைப் படித்துவிட்டுத் தம் பெட்டியைத் திறந்து பார்க்கிறவர்கள், அது நியூமன் கட்டியிருந்ததற்காகக் கொடுத்த விலை என்பதை நினைவில் வைத்தால் போதும்.

இணையச் சந்தைகளில், வாங்குகிறவர் பணத்தை நடுவில் உள்ள ஸ்தாபனத்திடம் கட்டிவைக்க, கடிகாரம் போய்ச் சேர்ந்து அவர் ஒப்புக்கொண்ட பிறகு அது விற்றவருக்கு விடுவிக்கப்படுகிற முறை ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரத்திலிருந்து நடக்கும் க்ரோனோ24 போன்ற சந்தைகள் இவ்விதமாகவே வேலை செய்கின்றன. முறை நல்லதுதான். ஆனால் நடுவரை நாம் தேர்ந்தெடுக்க வேண்டுமேயன்றி, வாங்க வருகிறவர் அனுப்பிவைக்கும் சுட்டியில் கண்ட நடுவரை ஏற்றுக்கொள்ளக் கூடாது. அந்த நடுவரும் அவரே நடத்துகிற நாடகத்தில் ஒரு வேஷமாக இருக்கக்கூடும். கூரியரில் அனுப்புவதாக இருந்தால், ரசீதின் பின்புறத்தில் பொடி எழுத்தில் உள்ள பொறுப்பு வரம்பை முதலில் படிக்க வேண்டும். படித்தவர்களில் பலர் அனுப்பாமல் திரும்பிவிடுவார்கள்.

இனி, நேருக்கு நேர் விற்பது. நல்ல விலையும் நியாயமான பாதுகாப்பும் ஒருங்கே கிடைக்க வேண்டுமானால், அதற்கு உகந்த இடம் நமக்குக் கணக்கு இருக்கிற வங்கிக் கிளைதான்; உகந்த வேளை, அலுவல் நாளின் முற்பகல். வாங்குகிறவர் வீட்டுக்கும் போக வேண்டாம், அவரை நம் வீட்டுக்கும் அழைக்க வேண்டாம். துணைக்கு ஒருவர் வேண்டும். அவர் பேரத்தில் தலையிடாமல் கடிகாரத்தின் மீது மட்டும் கண்ணாக இருக்கட்டும். பார்ப்பதற்கென்று வாங்கிய கடிகாரத்தைக் கைக்குட்டைக்குள் சுற்றி, அதே சாயலுள்ள போலி ஒன்றைத் திருப்பிக் கொடுத்து, விலை ஒத்துவரவில்லை என்று வருத்தத்தோடு விடைபெற்றுக்கொள்கிற கலை ஒன்று உண்டு. இக்காலத்துப் போலிகள் தேர்ந்த கண்களையே மயக்குகிறவை. இதன் மறுபக்கமும் உண்டு. உண்மையான கடிகாரத்தை வாங்கிப் போனவர் மறுவாரம் ஒரு போலியைக் கொண்டுவந்து, நீர் கொடுத்தது இதுதான் என்று சாதிக்கலாம். இரண்டுக்கும் ஒரே பரிகாரம், வங்கிக்குப் போகிற வழியில் இரு தரப்பாரும் சேர்ந்து, நாணயமான கடிகார ரிப்பேர்க்காரர் ஒருவரிடம் பின்மூடியைத் திறக்கச் சொல்லி, உள்ளே ஓடுகிற இயந்திரத்தையும் எண்ணையும் படம் பிடித்துக்கொண்டு, அதற்குப் பிறகு அது ஒரு நிமிஷமும் கண் மறைவாகப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான்.

பணம் வந்ததா என்பதை அவருடைய கைப்பேசியில் பார்க்கக் கூடாது; நம் கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியையும் நம்பிவிடக் கூடாது. அந்தச் செய்தியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். நம் கணக்கை நாமே திறந்து இருப்பைப் பார்க்க வேண்டும், அல்லது வங்கி ஊழியரைக் கேட்க வேண்டும். யு.பி.ஐ. வழியில் சாதாரணமாக ஒரு நாளைக்கு 1 லட்சம் ரூபாய்தான் செல்லும். 2 லட்சமும் அதற்கு மேலும் அனுப்ப ஆர்.டி.ஜி.எஸ். இருக்கிறது. அது 2020 டிசம்பரிலிருந்து இரவு பகலாக நடக்கிறது. வந்து சேர்ந்த தொகையை அனுப்பியவர் தம் இஷ்டத்துக்குத் திரும்பப் பெற முடியாது. செக் வாங்குகிறவர்களுக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு இருக்கிறது, இரண்டு வருஷம் வரை சிறைத் தண்டனை இருக்கிறது என்று தைரியம் சொல்வார்கள். வாஸ்தவந்தான், கோர்ட்டுக்கு நடக்கிற செருப்பும் வக்கீல் கட்டணமும் நம்முடையவை. டிமாண்ட் டிராப்டில் போலி உண்டு. கொடுத்த வங்கியைக் கேட்காமல் அதைப் பணமென்று எண்ணக் கூடாது.

பணம் எவருடைய கணக்கிலிருந்து வருகிறது என்பது, வந்துவிட்டதா என்பதற்குச் சற்றும் குறையாத முக்கியமான கேள்வி. “என் கணக்கில் வரம்பு முடிந்துவிட்டது, மைத்துனர் கணக்கிலிருந்து போடச் சொல்கிறேன்” என்று ஒருவர் சொன்னால், அந்த மைத்துனர் வேறோர் ஊரில், வேறொரு வஞ்சனையில் அகப்பட்டுக்கொண்ட அப்பாவியாக இருக்கலாம். அவர் புகார் கொடுக்கிற தினத்தில் பணம் சென்ற தடத்தைப் பிடித்துக்கொண்டு வருகிற சைபர் போலீஸார் முடக்கச் சொல்வது நம் கணக்கைத்தான். கடிகாரம் போய்விட்டது, பணமும் கட்டுண்டு கிடக்கிறது, நாமோ குற்றவாளியின் கூட்டாளியல்ல என்று நிரூபிக்க அயல் மாநிலத்துக் காவல் நிலையங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். எதிரே நிற்கிற மனிதரின் பெயரும் பணம் அனுப்பிய கணக்கின் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால், வியாபாரம் அன்றோடு நிற்கட்டும்.

ரொக்கமாகவே கொடுத்துவிடுகிறேன் என்பாரும் உண்டு. 2017 ஏப்ரல் 1 முதல், ஒரே வியவகாரத்துக்காக 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுத்திருக்கிறது. பெற்ற தொகை அளவுக்கே அபராதம் விதிக்க இடமுண்டு. அதுவும் கொடுத்தவருக்கு அல்ல, வாங்கியவருக்கு. தவணை தவணையாகப் பிரித்து வாங்கினாலும் வியவகாரம் ஒன்றேயானால் தப்பிக்க வழி இல்லை. வரியைப் பற்றி இன்னொரு வார்த்தை: சொந்த உபயோகத்துக்கான கடிகாரம் சாதாரணமாக மூலதன லாப வரிக்கு உட்படுவதில்லை, ஆனால் சட்டம் ஆபரணங்களுக்கு அந்தச் சலுகையைத் தராததால், பொன்னும் வைரமும் இழைத்த கடிகாரமானால் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது உசிதம்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, விற்கிறவர் தம் உரிமையைத் தாமே ருசுப்படுத்திக்கொள்ள வேண்டிய கடமை ஒன்று இருக்கிறது. நம்மவர் பலர் இதை அறியமாட்டார்கள். 1962-ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு, கடத்தல் பொருள் என்று நியாயமாகச் சந்தேகித்து அதிகாரிகள் கைப்பற்றுகிற சில பொருள்களைப் பொறுத்தவரை, அவை கடத்தப்பட்டவையல்ல என்று நிரூபிக்கும் பாரத்தை வைத்திருந்தவர் தலையிலேயே சுமத்துகிறது. அந்தச் சிலவற்றில் தங்கத்தோடு பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருப்பது கடிகாரம். அந்நியக் கடிகாரங்கள் கள்ளத்தனமாக நாட்டுக்குள் புகுந்துகொண்டிருந்த காலம் அது; பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியே அப்போது ஒரு வருஷந்தான் ஆகியிருந்தது, ஓசூரில் டைட்டன் எழும்ப இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தது. காலம் மாறிவிட்டது, பிரிவு மாறவில்லை. ஆகவே அப்பா துபாயிலிருந்து கட்டிக்கொண்டு வந்தது என்கிற குடும்ப வரலாறு மட்டும் போதாது. கடை ரசீது, உத்தரவாத அட்டை, சுங்கம் கட்டியிருந்தால் அந்தச் சீட்டு, இவற்றைத் தேடி எடுத்துக்கொண்டுதான் விற்பனையைப் பற்றிப் பேசவே ஆரம்பிக்க வேண்டும். இந்தக் காகிதங்கள் விலையை உயர்த்துவதும் பிரசித்தம். விளம்பரத்துக்குப் படம் எடுக்கும்போது மட்டும் கடிகாரத்தின் எண் முழுவதும் தெரியாதபடி மறைத்துவிட வேண்டும். அந்த எண்ணைக் கொண்டே உங்கள் கடிகாரம் தம்முடையதென்று உரிமை கொண்டாட ஒருவர் கிளம்பலாம். விற்பனை முடிகிற மேஜையின் மேலேயே, கடிகாரத்தின் பெயர், எண், விலை, பணம் வந்த விவரம், இருவர் விலாசம், தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இரு பிரதிகளில் கையெழுத்திட்டு, துணைக்கு வந்தவரைச் சாட்சியாகப் போடச் செய்தால், பிற்காலத்து வழக்குகளில் பாதி அங்கேயே தீர்ந்துபோகும்.

தனி மனிதரின் ஜாக்கிரதைக்கு ஓர் எல்லை உண்டு. சர்க்கார் செய்யக்கூடியதும் இருக்கிறது. தொலைந்துபோன கைப்பேசியின் அடையாள எண்ணைத் தெரிவித்தால் அது எந்த நிறுவனத்தின் இணைப்பிலும் இயங்காதபடி தடுத்துவிடும் மத்திய அரசின் ஏற்பாடு 2023-லிருந்து நாடெங்கும் நடைமுறையில் இருக்கிறது. பதினையாயிரம் ரூபாய்க் கைப்பேசிக்குக் கிடைக்கிற இந்த ஆதரவு, பத்து லட்ச ரூபாய்க் கடிகாரத்துக்கு இல்லை. அதன் முதுகிலும் எண் பொறித்துத்தான் இருக்கிறது. களவுபோன கடிகாரங்களின் எண்களைத் தொகுத்துவைத்து வியாபாரிகளுக்குச் சொல்லும் பதிவேட்டை லண்டனில் ஒரு தனியார் ஸ்தாபனமே நடத்திவருகிறது. அடகுக்கடைக்காரர்களுக்கு லைசென்சும் கணக்குப் புத்தகமும் அடகுச் சீட்டும் வேண்டுமென்று 1943-லேயே நம் மாகாணத்தில் சட்டம் இயற்றியிருக்கிறோம். அதே நியாயத்தைப் பழைய கடிகாரம் வாங்கி விற்கும் கடைகளுக்கும் நீட்டி, விற்க வந்தவர் யார், எண் என்ன என்று புத்தகத்தில் ஏற்றச் சொன்னால், நாணயமான கடைக்காரர்களுக்கு அதனால் நஷ்டம் ஒன்றும் இராது. திருட்டுப் பொருளுக்கும் வஞ்சித்துப் பெற்ற பொருளுக்கும் மட்டும் சந்தை சுருங்கும்.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் ஏமாந்துவிட்டால், அவர் செய்ய வேண்டியது அன்றைக்கே, அந்த மணிக்கே, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணில் கூப்பிடுவதும், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பதும், ஒப்பந்தத்தை ரத்துச் செய்துவிட்டேன் என்று வாங்கினவருக்குத் தெரிந்த விலாசங்களுக்கெல்லாம் எழுத்தில் அனுப்புவதும், ஊரில் உள்ள கடைகளுக்கு எண்ணைத் தெரிவிப்பதுமாகும். 29-ஆவது பிரிவு நாள் கணக்கைப் பார்க்கிற பிரிவு. 1960 ஜனவரி 12-ஆம் தேதி இங்கிலாந்தில் ஒருவர் தம் ஜாகுவார் காரை விற்று, வாங்கிய செக் மறுநாள் வங்கியில் பொய்த்துப்போனதும், கூச்சப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்காராமல், நேரே போலீஸாரிடமும் மோட்டார் வாகனச் சங்கத்தாரிடமும் போய்க் காரைத் தேடித் தரும்படி முறையிட்டார். வஞ்சகனைக் கண்டுபிடித்து அவனிடம் நேரில் சொல்ல முடியவில்லை; ஆனாலும் அந்த முறையீடே ஒப்பந்தத்தை ரத்துச் செய்ததாகும் என்று கோர்ட்டார் ஏற்றுக்கொண்டார்கள். கார் அடுத்த ஆளுக்கு விற்கப்பட்டது 15-ஆம் தேதி. அவர் போலீஸாரிடம் போனது 13-ஆம் தேதி. கார் அவருடையது என்று தீர்ப்பாயிற்று.